ரீமர் கைப்பிடியில் ஒரு சாக்பீஸ் கோடு

போன வருஷம் ஜூலை மாதக் கடைசி வாரம் நடந்தது இது. நாகர்கோவிலிலிருந்து திருவட்டாறு போகும் வழியில் ஒரு சிறிய சந்திப்பு. அங்கே சாலையோரம் தகரக்கூரை போட்ட ஒரு லேத் பட்டறை. அந்தச் சந்திப்பு வழியாகப் போகக் கூடாது என்று இருபத்தெட்டு வருஷமாக நான் ஒரு விரதம் போல வைத்திருந்தேன். திருவட்டாறு கோயிலுக்குப் போவதென்றால்கூட மார்த்தாண்டம் சுற்றித்தான் போவேன். பஸ் வசதி அதில்தான் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். என் மனைவி கடைசிவரை அதை நம்பினாள்.

என்னை அந்தச் சந்திப்புக்கு இழுத்துக்கொண்டு போனவர் ஒரு படகுக்காரர். எனக்கும் அவருக்கும் ஒரே நாளில், அடுத்தடுத்த கட்டிலில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஆளுக்கு ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தபோது ஆரம்பித்த நட்பு. வளைகுடா நாட்டில் இருபது வருஷம் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்து, ஊருக்கு வந்து பழைய விசைப்படகு ஒன்றை வாங்கியிருந்தார். தென்னைமரம் போல உயரம். நான் மெக்கானிக்கல் என்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்று தெரிந்ததும், படகில் எது உடைந்தாலும் எனக்கு போன் வரும்.

மேற்குக் கடற்கரைக்கு ஜூலை முடிகிறவரை மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதத்தில்தான் படகைக் கரையேற்றி எல்லா வேலையும் முடிப்பார்கள். இவருடைய படகில் என்ஜின் சக்தியை விசிறிக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் ஆட ஆரம்பித்திருந்தது. ஷாஃப்டில் குற்றமில்லை, அதைப் பிடித்திருக்கும் கப்ளிங்கின் துளைதான் தேய்ந்துபோயிருந்தது. அந்த மாதிரி கப்ளிங் இப்போது வருவதில்லை. கொச்சியிலிருந்து நல்ல கடினமான எஃகில் மூன்று துண்டு வரவழைத்தார். அதில் ஒன்றைக் கடைந்து, ஷாஃப்ட் இறுக்கமாக உட்காரும்படி துளை போட வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கலாம்.

எல்லோரும் அந்தச் சந்திப்புப் பட்டறையைத்தான் சொன்னார்கள். அங்கே ஒரு அம்மா இருக்கிறார், துளைக்கு அளவாக ரீமர் போடுவதில் அவர் கையை மிஞ்ச ஆளில்லை என்றார்கள். அவர் யார் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே நான் படகுக்காரரை நாகர்கோவிலில் வேறொரு பட்டறைக்கு அழைத்துப் போனேன். நானே பக்கத்தில் நின்று வேலை சொன்னேன்.

முதல் துண்டு லூஸாக வந்தது. மெல்லிய தகடு வைத்து இறுக்கித் தருகிறோம் என்றார்கள். படகுக்காரர் அந்தத் தகட்டைச் சுருட்டித் தெருவில் எறிந்தார். இரண்டாவது துண்டில் துளையின் வாய் ஒரு அளவு, அடி ஒரு அளவு. கடினமான எஃகைக் கடையும்போது லேத்தின் கருவி முனை தேய்ந்துகொண்டே வரும், அதனால் துளை உள்ளே போகப் போகக் குறுகிவிடும். கடைசித் தலைமுடி அளவை ரீமர் என்ற, நீளவாக்கில் பல பற்கள் உள்ள கருவியால் கையால்தான் சுரண்டி எடுக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த நானே நின்றும் இரண்டு துண்டு போயிற்று. தடை முடிய நான்கு நாள். முதல் நாள் கடலுக்குப் போகாவிட்டால் தொழிலாளிகள் எட்டு பேரும் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் அந்த சீசன் முழுவதும் படகு கரையில்தான்.

படகுக்காரர் என் வீட்டுக்கு வந்து, மூன்றாவது துண்டை ஊஞ்சல் பலகையில் வைத்தார்.

"எல்லாரும் அந்த அம்மைக்கிட்ட போங்கன்னு சொல்லுதாவ. சாருக்கு மட்டும் அங்க வர என்ன வெப்ராளம்? ஷாஃப்டு ஆடிச்சுன்னா கடலுக்க நடுவுல ஆடப்போறது நானாக்கும், சாரே."

மறுநாள் காலையில் டெம்போவில் ஷாஃப்டை ஏற்றி, டிரைவருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனோம்.

இந்த இடத்தில் பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்பு, பேச்சிப்பாறைப் பக்கம் மலையில் இருந்த ஒரு ரப்பர் தொழிற்சாலையில் நான் பராமரிப்பு என்ஜினியர். ஐ.டி.ஐ. முடித்த ஒரு பெண் ஃபிட்டராகத் தற்காலிக வேலையில் சேர்ந்தார். அங்கே அதற்கு முன்னால் ஒரு பெண்கூட ஸ்பானரைத் தொட்டதில்லை. நன்றாக வேலை செய்தார். இப்போது அவர் என்கிறேன். அப்போது அவள் என்றுதான் சொன்னேன்.

ரப்பர் அரைக்கும் உருளைக்கு ஒரு பெரிய பல்சக்கரம். வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒன்றுதான் இருந்தது. அதன் துளையை ரீமர் போட்டு ஷாஃப்டுக்குப் பொருத்தும் வேலை அவருக்கு வந்தது. அது சரியாக முடிந்தால் அவருக்கு நிரந்தர வேலை என்று மேலாளர் சொல்லியிருந்தார். பாதி முடிந்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. ரீமரைத் துளையிலேயே நிறுத்திவிட்டு அவர் சாப்பிடப் போனார். பட்டறை காலி, கதவு பூட்டியிருந்தது, சாவி என்னிடம்.

நான் உள்ளே போனேன். வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஒரு பெண் இதைச் செய்துவிட முடியாது என்று நான் சொல்லியிருந்தேன். எங்காவது குறை இருக்கும் என்று தேடித்தான் போனேன். துளைக்குள் பார்க்க ரீமரை வெளியே எடுக்க வேண்டும். அது இறுகியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாகத் திருப்பினேன்.

ரீமரை எந்தக் காரணத்துக்கும் பின்னால் திருப்பக் கூடாது. வெளியே எடுக்கும்போதும் முன்பக்கமாகவே சுற்றிக்கொண்டுதான் எடுக்க வேண்டும். பின்னால் திருப்பினால் வெட்டிய தூள் பல்லுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிப் பல்லை உடைக்கும், துளையைக் கீறும். முதல் வருஷ மாணவனுக்குச் சொல்லித்தருகிற பாடம். நான் திருப்பினேன். சின்னதாக ஒரு கிறீச் சத்தம் கேட்டது. அப்படியே விட்டுவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

சாப்பிட்டு வந்து அவர் ரீமரை எடுத்தபோது துளையின் சுவரில் நீளமாக ஒரு கீறல். ஒரு பல்லின் முனை உடைந்திருந்தது. மேலாளர் யார் செய்தது என்று கேட்டார். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், பின்னால் திருப்பியிருக்கிறாள், கவனம் போதாது என்று. அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அவர் விரல்களில் வெள்ளையாக ஏதோ தூள் ஒட்டியிருந்தது. அது ஏன் என் ஞாபகத்தில் தங்கியது என்று அப்போது புரியவில்லை. மறுநாள் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட அறிக்கையில் 'நுட்பமான வேலைக்குத் தகுதியில்லை' என்று இருந்தது. அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

டெம்போ நின்றது. பட்டறையில் அவர் சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஏதோ அளந்துகொண்டிருந்தார். முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்த கணத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது.

"சாரா? வாங்க, இரிங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

எஃகுத் துண்டை உரசிப் பார்த்தார். ஷாஃப்டை ஆறு இடத்தில் அளந்து சுவரில் எழுதினார். பிறகு லேத்தில் ஏற்றி, அவசரமே இல்லாமல் கடைந்தார். தலைமுடி அளவு மிச்சம் வைத்து நிறுத்தினார். பட்டறையின் நடுவே, தரையில் நட்ட இரும்புத் தூணின் மேல், பொருளை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸ். அதில் கப்ளிங்கைப் பிடித்து ரீமரை நிறுத்தி, அதன் தலையில் ஆள் நீளத்துக்கு ஒரு இரும்புக் கைப்பிடியை மாட்டினார். அந்தத் துளைக்கு ஒருவர் பலம் போதாது. கைப்பிடியின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, செக்கு சுற்றுவது போல வைஸைச் சுற்றி நடக்க வேண்டும்.

மறுமுனையைப் பிடிப்பவர் எப்போதும் அவருடைய கணவர். அவர் ஸ்கூட்டரில் விழுந்து காலில் கட்டுப் போட்டு, பின்னால் இருந்த வீட்டில் கிடந்தார். படகுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணன் வேண்டாம்" என்றார் அந்த அம்மா. "ரெண்டு பேருக்கும் ஒரே பொக்கம் வேணும். நீங்க அந்தப் பக்கம் தூக்கிட்டு நின்னா ரீமர் சரிஞ்சு போவும். சாரு எனக்க பொக்கம்தான்."

படகுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "சாரு குட்டையா இருக்கதுக்கு இன்னைக்குத்தான் ஒரு பிரயோஜனம் வந்திருக்கு" என்றார். அந்த அம்மா அவர் கையில் எண்ணெய் டப்பாவைக் கொடுத்தார்.

நான் கைப்பிடியைப் பிடித்தேன். அந்த அம்மா எதிர்முனையில் நின்று ஒரே ஒரு கட்டளை சொன்னார். "மெதுவா நடங்க, நிக்கணும்னா நில்லுங்க. ஆனா பின்னோட்டு ஒரு அடி வைக்கப்பிடாது."

அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நடக்க ஆரம்பித்தோம். ஒரு சுற்றுக்கு அரிசிக் கனம்கூட இறங்காது. அவர் வலது கால் வைத்தால் நானும் வலது கால். எழுபது சுற்று வரை எண்ணினேன், பிறகு எண்ண மூச்சில்லை. எழுபத்திரண்டு வயதில் என் தோள்பட்டை எரிந்தது. ஆனால் துளைக்குள்ளிருந்து வந்த சத்தம் சீராக இருந்தது, நல்ல பட்டுத்துணியைக் கிழிப்பது போல.

மணி ஒன்றானதும் அவர் நிறுத்தினார். எஃகு சூடாகியிருந்தது, ஆறவேண்டும். வீட்டுக்காரருக்குச் சோறு கொடுக்கவும் வேண்டும். படகுக்காரரும் டெம்போ டிரைவரும் ஹோட்டலுக்குக் கிளம்பினார்கள். எனக்குப் பசியில்லை என்று நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன்.

அந்த அம்மா போவதற்கு முன் ஜன்னல் திண்டிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். கைப்பிடியின் ஒரு முனையில், ஜன்னலின் நடுக்கம்பிக்கு நேராக ஒரு கோடு போட்டார். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனார்.

பட்டறையில் நானும், துளையில் நிற்கும் ரீமரும் மட்டும்.

விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூள். இருபத்தெட்டு வருஷம் கழித்து எனக்கு அது என்னவென்று புரிந்தது. அன்றைக்கும் கோடு போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது கோடு அந்த இடத்தில் இல்லை. பட்டறைச் சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. இத்தனை வருஷம் நான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்தது அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அதற்குப் பயந்துதான் நான் நல்ல பட்டறையை விட்டுவிட்டு நண்பரின் இரண்டு துண்டு எஃகைப் பாழாக்கியிருக்கிறேன்.

ஒரு மணி நேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஈ வந்து கைப்பிடியில் உட்கார்ந்தபோது அதை விரட்டக்கூட எழுந்திருக்கவில்லை.

அவர் வந்தார். கோட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்தார். நானும் எழுந்து பிடித்தேன். படகுக்காரர் எண்ணெய் டப்பாவோடு பல் குத்திக்கொண்டே வந்து சேர்ந்தார்.

இருபது சுற்று போயிருக்கும். திடீரென்று ரீமர் கவ்விக்கொண்டது. நகரவில்லை. கடைசித் துண்டு, தடை முடிய மூன்று நாள். உடம்புக்கு ஒரு புத்தி உண்டு. முட்டிக்கொண்டால் பின்வாங்கு என்கிற புத்தி. என் குதிகால் தானாகவே பின்பக்கம் எழும்பியது.

"அனங்காதீங்க" என்றார் அவர். "அப்படியே நில்லுங்க."

நின்றேன். குதிகாலைக் கீழே வைத்தேன். அவர் சொன்னபடி படகுக்காரர் துளையின் ஓரமாக எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அது உள்ளே இறங்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டியிருந்தது. கையை விடவும் முடியாது, பின்னால் போகவும் முடியாது. அப்போது சொன்னேன்.

"அன்னைக்கு ரீமரைப் பின்னால திருப்பினது நான். உங்க மேல பொய் எழுதிக் கொடுத்ததும் நான்."

எண்ணெய் சொட்டுவது நின்றது. படகுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியும் சாரே" என்றார் அந்த அம்மா. "கோடு போட்டிட்டுத்தானே சோறுண்ணப் போனேன். வந்து பாத்தா கோடு கதவைப் பாத்து நிக்குது."

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது.

"சாக்பீஸு கோடுதானே. தொடச்சா போச்சு. சாருக்க கையெழுத்தைத் தொடைக்க முடியுமா?" குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு, "அண்ணே, எண்ணெயை விடுங்க. சாரே, இப்பம் இறங்கிட்டு. முன்னோட்டு வாங்க."

முன்னால் அடி வைத்தோம். கவ்வியிருந்தது மெல்ல விட்டது. பட்டு கிழியும் அந்தச் சத்தம் திரும்ப வந்தது. எனக்குக் கண் மறைத்தது. கால் மட்டும் தப்பவில்லை. ரீமர் துளையின் மறுபக்கம் வழியாக முழுதாக இறங்கி வெளியே வந்தபோது மணி மூன்றரை.

துணியால் துடைத்து டார்ச் அடித்துக் காட்டினார். கண்ணாடி போல இருந்தது சுவர். ஒரு கீறல் இல்லை. வாய், நடு, அடி மூன்றும் ஒரே அளவு. ஷாஃப்டின் முனையைத் துளையில் வைத்துத் தள்ளினார். நகக்கண் அளவு போய் நின்றுவிட்டது. "இது மதி, இந்த இறுக்கம் போதும்" என்றார். பிறகு ஒரு பழைய வார்ப்புச் சட்டியில் எண்ணெயைக் காய்ச்சி, கப்ளிங்கை அதில் போட்டார். சூட்டில் துளை கொஞ்சம் விரிந்ததும் இடுக்கியால் எடுத்து ஷாஃப்டில் மாட்டினார். தட்டவே இல்லை. வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. ஆறிய பிறகு படகுக்காரர் பெரிய சுத்தியலால் தன் பலம் முழுவதும் சேர்த்து அடித்துப் பார்த்தார். அசையவில்லை. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அந்த அம்மாவை இரண்டு கையாலும் கும்பிட்டார்.

திரும்பும் வழியில் வில்லுக்குறி வந்ததும் படகுக்காரர் சொன்னார். "எனக்க ரெண்டு கட்டி இரும்பு எங்க போச்சுன்னு இப்பளாக்கும் வெளங்குது." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வலித்தது. அது எனக்கு வேண்டியதுதான்.

தடையின் கடைசி நாளன்று படகைக் கடலில் இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாவையும் படகுக்காரர் வற்புறுத்தி வரவழைத்திருந்தார். தான் வேலை செய்த ஷாஃப்ட் கடலில் ஓடுவதை அவர் பார்த்ததே இல்லையாம். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் என்ஜினை முழு வேகத்தில் விட்டார்கள். படகுக்காரர் கீழே இறங்கி, ஷாஃப்ட் ஓடும் இடத்தின் மேல் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மேலே வந்து, "அம்மா, உள்ள ஷாஃப்டு கெடக்கா இல்லியான்னே தெரியல" என்றார். தொழிலாளிகள் எட்டு பேரும் விசில் அடித்தார்கள். அந்த அம்மா காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

தொழிலாளிகளில் ஒருவர், என்ஜினியர் சார் சொல்லிக்கொடுத்துச் செய்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். இவருக்கு முன்னால் இரண்டு துண்டைக் கெடுத்தது நான், இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இவர் வேலையைக் கெடுத்ததும் நான் என்று அந்த எட்டு பேர் முன்னால், என்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, நடந்ததை முழுதும் சொன்னேன். அந்த அம்மாதான், "போதும் சாரே. பிள்ளைகளுக்கு நாளைக்குக் கடலுக்குப் போவணும்" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கரையில் இறங்கும்போது மட்டும் ஒன்று சொன்னார். வீட்டுக்காரர் கால் ஊன்ற இன்னும் ஆறு வாரம் ஆகும், இரண்டு பெரிய ரீமர் வேலை வந்து கிடக்கிறது, எனக்கு முடியுமானால் வரலாம் என்று. போனேன். இரண்டு வேலைக்கும் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு நாளும் அவர் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனார். இரண்டு நாளும் திரும்பி வந்து கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியைத் தொட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இந்த வருஷம் அந்தப் படகு இன்னும் ஆடாமல் ஓடுகிறது. அந்த அம்மாவின் கணவர் நடக்கிறார். நான் திருவட்டாறுக்கு அந்தச் சந்திப்பு வழியாகவே, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து போகிறேன். பட்டறையைக் கடக்கும்போது உள்ளே யாராவது வைஸைச் சுற்றி நடப்பது தெரிந்தால், அரை நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடிந்த ஒரு உண்மைக்காக இருபத்தெட்டு வருஷம் ஊரைச் சுற்றிப் போனவன் நான் என்பது ஒவ்வொரு முறையும் ஞாபகம் வருகிறது.